அனிமே பார்க்கணும், ஆனா எங்கிருந்து ஆரம்பிக்கிறது? புதியவர்களுக்கு ஒரு கைடு

2025 செப்டம்பர் 12. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' இந்தியத் தியேட்டர்களுக்கு வந்த நாள். ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தியோடு தமிழ், தெலுங்கு டப்பிங்கிலும் ரிலீஸ் ஆனது. ரீல்ஸைத் திறந்தாலே அந்தப் படத்தின் சண்டைக் காட்சிகள்தான்.

"செம படமாம் ப்ரோ, தமிழ்லயே இருக்கு, வா போலாம்" என்று நண்பர் கூப்பிட, அதுவரை ஒரு அனிமேகூடப் பார்க்காமல் தியேட்டருக்குப் போனவரா நீங்கள்? அப்படியென்றால் படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றியிருக்கும். யார் இந்தப் பையன்? ஏன் இத்தனை பேர் ஒரு கோட்டைக்குள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்? பக்கத்து சீட்டில் இருப்பவர் எதற்கு அழுகிறார்?

தப்பு உங்கள் மீது இல்லை. 155 நிமிடம் ஓடும் அந்தப் படம், 2019-ல் தொடங்கிய ஒரு டிவி தொடரின் தொடர்ச்சி. கடைசி யுத்தத்தைச் சொல்லும் மூன்று படங்களில் முதலாவது. பாதிக் கதையில் உள்ளே போய்விட்டு, "அனிமே நமக்கு செட் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய. உண்மையில் செட் ஆகாதது அனிமே இல்லை, ஆரம்பித்த இடம்தான்.

சரி, சரியான இடம் எது? ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. முதலில், எது அனிமே?

ஜப்பானில் உருவாகும் அனிமேஷனைத்தான் உலகம் அனிமே என்கிறது. சின்ன வயதில் டோரேமான், சின்சான், போக்கிமான் பார்த்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே அனிமே ரசிகர்தான், பெயர் மட்டும்தான் தெரியாது. அதே சமயம் சுட்டி டிவியில் தமிழ் பேசிக் கலக்கிய 'ஜாக்கி சான்' தொடர் அனிமே அல்ல, அது அமெரிக்க கார்ட்டூன். 'சோலோ லெவலிங்' கொரிய நாவலில் இருந்து வந்த கதை. ஆனால் தொடரைத் தயாரித்தது ஜப்பானிய ஸ்டுடியோ என்பதால் அது அனிமே.

ராமாயணத்துக்கும் இதில் இடம் உண்டு. யூகோ சாகோ, ராம் மோகன் உள்ளிட்டோர் இயக்கி 1993-ல் வெளியான 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' இந்திய - ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பு. 2025 ஜனவரியில் இந்தியத் தியேட்டர்களில் தமிழ் டப்பிங்கோடு மறுபடி வந்தது. அப்பா, அம்மாவை உட்கார வைத்துக் காட்ட இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கஷ்டம்.

2. உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது?

புதியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. "ஒன் பீஸ் பாரு, வேற லெவல்" என்று யாரோ சொல்வார்கள். 1999-ல் தொடங்கிய அந்தத் தொடர் ஆயிரத்து நூறு எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. 'நருட்டோ' 220 எபிசோடு. அதன் தொடர்ச்சியான 'ஷிப்பூடன்' இன்னும் 500. நடுவில் மெயின் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இழுக்கும் எபிசோடுகளும் உண்டு. அவற்றுக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபில்லர்'. தாண்டிப் போனாலும் கதை புரியும்.

சாதாரணமாக ஒரு எபிசோடு 24 நிமிடம். மேலூரில் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணி வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். எனவே முதல் தேர்வு 12 முதல் 25 எபிசோடுகளுக்குள் இருக்கட்டும். அதுவும் முடியாது என்றால் ஒரே ஒரு படம். 2016-ல் வந்த 'யுவர் நேம்' ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

3. உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் படம் எது?

அனிமே என்பது ஒரு ஜானர் இல்லை. நம் சினிமாவைப் போலவே காதல், த்ரில்லர், ஸ்போர்ட்ஸ், காமெடி எல்லாமே அதற்குள் இருக்கிறது. 'ஷோனன்', 'செய்னென்' போன்ற வார்த்தைகள் அடிக்கடி காதில் விழும். அவையும் ஜானர் இல்லை. முதலாவது பதின்வயதுப் பையன்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, இரண்டாவது வளர்ந்த ஆண்களுக்கானது. அவ்வளவுதான். அதனால் பெயர்களைப் பார்த்துக் குழம்பாமல் உங்கள் ரசனையில் இருந்து தொடங்குங்கள்.

'தனி ஒருவன்' மாதிரி மூளைக்கும் மூளைக்கும் நடக்கும் சண்டை பிடிக்குமா? 'டெத் நோட்', 37 எபிசோடு. 'வெண்ணிலா கபடிகுழு' பார்த்துக் கைதட்டியவரா, ஊர்த் திடலில் வாலிபால் ஆடியவரா? வாலிபாலை மையமாக வைத்த 'ஹைக்யூ' முதல் சீசன், 25 எபிசோடு. '96' மாதிரி மனதைப் பிசையும் கதை வேண்டுமா? மேலே சொன்ன 'யுவர் நேம்'. 'மெய்யழகன்' பிடித்திருந்தால் 'பரகாமோன்' இருக்கிறது. நகரத்து எழுத்துக்கலைஞன் ஒருவன் தீவுக் கிராமத்துக்குப் போய் அங்கிருக்கும் மனிதர்களிடம் பாடம் கற்கும் கதை, 12 எபிசோடு. சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டுமா? உளவாளி அப்பா, கொலைகாரி அம்மா, மனதைப் படிக்கும் குழந்தை என ஒரு போலிக் குடும்பத்தைச் சொல்லும் 'ஸ்பை ஃபேமிலி'.

4. யாரோடு பார்க்கப் போகிறீர்கள்?

"பொம்மைப் படம்தானே" என்று தம்பி, தங்கையோடு உட்காரும் முன் இதைப் படியுங்கள். 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ இரண்டு படங்களை ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் வெளியிட்டது. ஒன்று 'மை நெய்பர் டோட்டோரோ', குழந்தைகள் குதூகலிக்கும் படம். மற்றொன்று 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. போரில் அனாதையாகும் அண்ணன், தங்கையின் கதை. பெரியவர்களே உடைந்துபோகும் படம் அது.

சின்சானே முதலில் பெரியவர்களுக்கான இதழில் வெளிவந்த காமிக்ஸ்தான். 'அட்டாக் ஆன் டைட்டன்' முதல் எபிசோடிலேயே ரத்தக்களறி. ஆகவே ஆப்பில் தலைப்புக்குக் கீழே இருக்கும் வயது வரம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தியேட்டர் என்றால் சென்சார் சான்றிதழ்: இப்போது யு/ஏ-வே 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

5. தமிழ் டப்பா, சப்டைட்டிலா?

"டப்பிங்ல பார்த்தா ஃபீல் போயிடும்" என்று சில ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். கண்டுகொள்ள வேண்டாம். ஓடும் பஸ்ஸில், ஆறு இன்ச் திரையில், வேகமாக மாறும் ஆங்கில சப்டைட்டிலைத் துரத்துவது சுகமான வேலை இல்லை. 2022-ல் சோனி யாய் சேனலில் நருட்டோ தமிழ் பேசினான். 'ஜுஜுட்சு கைசன்', 'சோலோ லெவலிங்' தொடர்களுக்கு க்ரஞ்சிரோலில் தமிழ் டப் உண்டு. பழக்கப்பட்ட மொழியில் கதைக்குள் போய்விட்டு, பிடித்தால் பிறகு ஜப்பானிய ஒலிக்கு மாறிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லா சீசனுக்கும் தமிழ் இருக்கும் என்று சொல்ல முடியாது. ப்ளே பண்ணும் முன் மொழிப் பட்டியலைப் பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்?

ரசிகர்களிடையே 'மூன்று எபிசோடு விதி' ஒன்று உண்டு. மூன்று பார்த்தும் ஒட்டவில்லையா, குற்ற உணர்ச்சி இல்லாமல் அடுத்ததுக்குப் போங்கள். "100 எபிசோடுக்கு அப்புறம் நல்லா இருக்கும்" என்பதெல்லாம் முதல் அனிமேவுக்குச் சரிப்படாது.

சரி, டீமன் ஸ்லேயரே பார்க்க வேண்டும் என்றால்? வரிசை இதுதான்: முதல் சீசன் 26, 'மூகன் ட்ரெயின்' 7, 'என்டர்டெயின்மென்ட் டிஸ்ட்ரிக்ட்' 11, 'ஸ்வார்ட்ஸ்மித் வில்லேஜ்' 11, 'ஹஷிரா ட்ரெயினிங்' 8. மொத்தம் 63 எபிசோடு. 'மூகன் ட்ரெயின்' தனிப் படமாகவும் இருப்பதால் அந்த 7-க்குப் பதில் படத்தையே பார்த்துவிடலாம். அதன் பிறகுதான் 'இன்ஃபினிட்டி கேஸில்'.

காலை பஸ்ஸில் ஒன்று என்று வைத்தால்கூட ஒன்பது வாரத்தில் முடிந்துவிடும். அடுத்த பாகம் வரும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் எதற்கு அழுகிறார் என்று கேட்க வேண்டியிருக்காது.