மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் மரை

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலுக்கு மாற்றுக் கிடைத்தது. ஆனால் புதிய உதிரிப்பாகம் அரிதான அந்த நாட்களில் முன் சில்லைக் காப்பாற்றக் கிறீஸும் கவனமும் மட்டுமே இருந்தன.

1948இல் அறிமுகமான மொறிஸ் மைனரின் முன் சில்லு, நிமிர்ந்த உருக்குக் கால் ஒன்றில் பூட்டப்பட்டிருக்கிறது. குழிகளில் விழும் அடியை, முறுகி நிமிரும் நீண்ட கம்பி வாங்கிக்கொள்கிறது. காலின் இரு முனைகளிலும் உள்ள மரைகள் 'ட்ரனியன்' எனும் உலோகக் கூடுகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்ரேறிங்கைத் திருப்பும்போது கால் சுழல்வது அந்த மரையில்தான்.

கிறீஸ் வற்றினால் மரை தேயும். முற்றாகத் தேய்ந்தால் கீழ்க்கூடு கழன்று, சில்லு சரிந்து, காரின் முன்பக்கம் தரையில் விழும்.

பூட்டும்போது இடம் வலம் பாருங்கள். இரு பக்க மரைகளும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. காரை ஜக்கில் உயர்த்தி, பழைய கிறீஸ் வெளிவரும்வரை புதியதை அடியுங்கள். பின்னர் ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க, சில்லை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால் அந்தக் காரை வீதிக்கு எடுக்காதீர்கள்.