குப்பைமேட்டின் அடியில்

மட்டாஞ்சேரி வீடுகளில் கொச்சி மாநகராட்சி வண்டி எடுத்துப்போன குப்பை பல ஆண்டுகளாகப் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில்தான் குவிந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி அந்த மேடு பற்றிக்கொண்டது. பத்து நாளுக்கும் மேல் நகரத்தில் புகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகையைப் பற்றி ஊரே பேசியது. மேட்டிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நீரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சாயா ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வடிகட்டித் துணியில் இருக்கும் தூளில் வெந்நீரை ஊற்றினால் சாயம் இறங்குகிறதல்லவா? மழையில் நனையும் குப்பையிலும் அதுதான் நடக்கிறது. அழுகலின் அமிலம், அம்மோனியா, பேட்டரியின் உலோகம் எல்லாம் கரைந்து கறுப்புக் கசிவுநீராகக் கீழே போகும். பிரம்மபுரத்தை ஒட்டி ஓடுபவை கடம்பிரையாறும் சித்திரப்புழையும்.

இதைத் தடுக்க 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் அளவு வகுத்தன. அடியில் 90 செ.மீ. களிமண்ணை இறுக்கிப் போட வேண்டும். நீர் தேங்காதவரை அதனூடே ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. நீர்தான் இறங்க முடியும். அதன்மேல் 1.5 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் இணைப்புகளை இரண்டு வரிசையாக உருக்கி ஒட்டி, நடுவே காற்றை அடைத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள்.

இத்தனையும் செய்தாலும் எங்காவது ஒரு துளை இருக்கவே செய்யும். அதனால் விரிப்பைவிட முக்கியம், அதன்மேல் ஜல்லிக்குள் கிடக்கும் துளையிட்ட குழாய்கள் என்பேன். கசிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புபவை அவைதான். குழாய் அடைத்தால் நீர் தேங்கும். தேங்கிய நீரின் உயரம் கூடக்கூட, சிறு துளையிலும் அது வேகமாக இறங்கும். மேடு நிறைந்த பிறகு மேலேயும் 60 செ.மீ. களிமண் மூடி வேண்டும் என்றன அந்த விதிகள். மழை உள்ளே போகாவிட்டால் கசிவுநீர் குறையும்.

குவிந்துவிட்ட மேட்டுக்கு அடியில் விரிப்பைப் போட வழியில்லை. தோண்டி, சலித்து, பிரித்து அகற்றும் பயோமைனிங்தான் நேர்வழி. அதுவரை ஜூன் மழைக்கு முன் மூடிவைக்க வேண்டும்.

இன்னொன்று: நிலத்தடி நீர் எவ்வளவு ஏறினாலும் களிமண் அடுக்குக்கு 2 மீட்டர் கீழே நிற்க வேண்டும் என்றும் விதி சொன்னது. ஆற்றோரச் சதுப்பில் அது நடக்கிற காரியமா? உங்கள் பக்கத்தில் புதிதாகக் குப்பைக் கிடங்கு வருகிறதென்றால், மழைக்காலத்தில் அங்கே கிணற்றுநீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.