1.4.2: மூணு எண், மூணு வாக்கு

ஆலங்குளத்துல ஒரு பாத்திரக் கடை. பேர் வெட்ட எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அதுக்கு நீங்க பைத்தான்ல பில் நிரல் எழுதுறீங்கன்னு வச்சுக்குவோம். ‘முருகன்’ங்கிறதைப் பைத்தான் 7ன்னு எண்ணும், ஓப்பன்-தமிழ் தொகுப்பு சரியா 4 எழுத்தாப் பிரிக்கும்.

இப்படியொரு தொகுப்பு 1.4.2-ல இருந்து 1.4.3 ஆனா, பிழை திருத்தம் மட்டும். 1.5.0 ஆனா, புது வசதி வந்திருக்கு, பழசும் ஓடும். 2.0.0ன்னா உங்க பில் நிக்கலாம், சோதிச்சுட்டு ஏத்துங்க. முதல் எண் 0ன்னா, எந்த வாக்கும் இல்ல.

‘~=1.4’ன்னு எழுதி வச்சா, 2-க்குக் கீழேயே நிக்கும்.

தொகுப்பை வெளியிடுறவங்களுக்கு: எழுத்துப் பட்டியலுக்குப் பதிலா எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்தா, மாத்தினது ஒரே வரியா இருந்தாலும் அது 2.0.0 தான். உழைப்பை இல்ல, அடுத்தவர் நிரல் உடையுமாங்கிறதைத்தான் இந்த எண் சொல்லுது.