கைமாறும் சரக்குப் பெட்டிகள்

மாதிரிப் புகையிரதம் அமைப்போர் பலர், அதனை வட்டப் பாதையிலே சுற்றிவரச் செய்து மகிழ்வதோடு நின்றுவிடுகின்றனர். சில நாட்களில் அது சலித்துவிடும். அப்பெட்டிகளுக்குச் சேரவேண்டிய ஊரும் இல்லை. செல்வதற்கொரு காரணமும் இல்லை.

அமெரிக்காவிலே ஒரு கம்பனியின் சரக்குப் பெட்டி பிற கம்பனிகளின் பாதைகளிலும் ஓடும். இரு பாதைகள் சந்திக்குமிடத்தில், ஒரு கம்பனி கைமாற்றுத் தண்டவாளத்தில் விட்டுச்செல்லும் பெட்டிகளை மற்றது இழுத்துச் செல்லும். பிறர் பெட்டியை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கொடுக்கும் முறை 1902இல் வந்தது. ஆகவே, வெறும் பெட்டியை விரைவில் திருப்பி அனுப்புவதிலே கம்பனிகள் கண்ணாயிருந்தன.

இதனை மேசைமேற் கொணர்வதற்கு ஒரு வழியை, 'மொடல் ரெயில்ரோடர்' இதழில் 1961இல் டக் ஸ்மித் விளக்கினார். பெட்டி ஒவ்வொன்றுக்கும் பையுடன் கூடிய அட்டை ஒன்று. பையினுள்ளே, செல்லுமிடங் குறித்த சீட்டு. இன்று பரவலாக வழங்கும் சீட்டிலே நான்கு பயணங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரு பயணம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த கட்டளை தோன்றும். ஆலைக்கு வெறுமையாய் வந்த பெட்டி, இப்பொழுது மாவேற்றிக் கைமாற்றுத் தண்டவாளத்துக்குப் போகவேண்டும்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அச்சிறு தண்டவாளமே. மாவாலைக்கு அதற்குரிய பெட்டிகள் மாத்திரமே வரும். இங்கோ நிலக்கரிப் பெட்டியும் வரலாம், எண்ணெய்த் தாங்கியும் வரலாம், எந்தக் கம்பனியின் பெயரும் தாங்கி வரலாம். மேசை விளிம்பில் முடியும் ஒரு முழத் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கண்டமே இருக்கின்றது. அங்கே பெட்டிகளை மாற்றிவைப்பது நம் கைதான். பார்ப்போர் இல்லாத வேளையில் அதனைச் செய்வது நலம்.