எட்டாம் வகுப்பு வாசலிலேயே எண்ணி முடிக்கிறார்கள்

எல்லாப் பிள்ளைகளும் பள்ளிப் படிப்பை முடிக்க 2015-இல் ஐ.நா. வைத்த கெடு 2030. அது நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: 'நடுநிலைக் கல்வி நிறைவு விகிதம்' ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் வேறாகவும் இருக்கிறதே, எது சரி?

ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் உலவுகின்றன. இந்தியாவில் இரண்டுக்குமே எல்லை எட்டாம் வகுப்புதான், பத்து அல்ல.

உலக வங்கிப் பட்டியலில் வருவது முதல் கணக்கு. எட்டாம் வகுப்பு மாணவர்களில், அதே வகுப்பை மறுபடி படிப்பவர்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 13 வயதுள்ளவர்களின் தொகையால் வகுக்கிறார்கள். வகுப்புக்குள் வந்தவரின் வயதைக் கேட்பதில்லை. ஏப்ரல் வரை இருந்தாரா என்றும் கேட்பதில்லை. நுழைந்தாலே நிறைவுதான்.

இதைப் பழவேற்காடு ஏரிக்கரையில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் மீனவர்களுக்கு ஏரியில் 'பாடு' உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முறை வந்தால் வலை கட்டலாம், அவ்வளவுதான். இறால் விழுந்ததா என்பது ஏலத்துக்குக் கூடை வரும்போதுதான் தெரியும். உலக வங்கியோ வலை கட்டும் முறையை எண்ணிவிட்டு, கூடை நிறைந்தது என்று எழுதிக்கொள்கிறது.

ஒரு குப்பத்தில் 13 வயதுப் பிள்ளைகள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். தாமதமாகச் சேர்ந்த 14, 15 வயதுக்காரர்களையும் சேர்த்து எட்டாம் வகுப்பில் 22 பேர் நுழைந்தால் விகிதம் 110. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, இறால் பாடு சூடுபிடித்து, நாலு பையன்கள் வலைக்குப் போனவர்கள் போனவர்கள்தான் என்றாலும் அதே 110. நூற்றைத் தாண்டிய 'நிறைவை' அதிகாரிகள் சாதனையாக வாசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மறுபடி படிப்பவர்களைக் கழிப்பது தமிழ்நாட்டில் இன்னும் வேடிக்கை. 2019-இல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்றது. அந்த வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வை 2020 பிப்ரவரியில் தமிழக அரசு கைவிட்டது. நல்ல முடிவுதான், பெயிலான பையனைப் படகு உடனே கூப்பிட்டுக்கொள்ளும். ஆனால் யாரும் பெயில் இல்லை என்றால் கழிக்கவும் ஆள் இல்லை. சறுக்கல் ஒன்பதிலும் பத்திலும் தெரியவரும். இந்த விகிதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, ஐ.நா. இலக்கின் 4.1.2 என்ற குறியீடு. வீடு வீடாகப் போய், 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் எட்டை முடித்தார்களா என்று கேட்கும் கணக்கு. இதுதான் நேர்மையானது. ஆனால் செய்தி பழையது: இன்று 18 வயதானவர் எட்டை முடித்திருக்க வேண்டியது நாலைந்து வருடத்துக்கு முன்பு. மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் ஒரு குப்பத்தின் நிலையையும் அது சொல்லாது.

மற்றக் கேள்விகள்:

சட்டப்படி இலவசக் கட்டாயக் கல்வி எதுவரை? 6 வயது முதல் 14 வரை.

பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் கோரைக்குப்பத்துக்கும் அதே அளவுகோல்தான்.

எட்டு போதுமா? பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போதாது. குடியகல்வு அனுமதியிலிருந்து விலக்கு வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்கிறது.

எட்டோடு நின்ற பெண்ணுக்குத் தமிழக அரசின் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டா? இல்லை, கல்லூரி, ஐ.டி.ஐ. போன்ற மேற்படிப்பில் சேர்ந்த பிறகுதான்.