ஒற்றை வரி விலாசம்

தரவுத்தளத்தின் வாயிலைக் கட்டளைத் திரையிலிருந்து தட்டுகிறவர், தாம் நாடும் சர்வர் எது, அதன் போர்ட் எண் யாது, எந்தப் பயனரின் பெயரால் எந்தத் தளத்துக்குள் பிரவேசிக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் தனித்தனிக் குறிப்புகளாகத் தட்டெழுதி வந்த வழக்கத்துக்கு மாற்றாக, இணையத்தில் நாம் நித்தமும் காணும் யூஆர்எல் வடிவிலேயே அனைத்தையும் ஒரே வரியில் எழுதும் சௌகரியத்தை, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின், 2012-ஆம் ஆண்டு வெளிவந்த 9.2 பதிப்பு, பிஎஸ்கியூஎல் என்னும் தன் கருவிக்கு அளித்தது.

அவ்வரியின் முதலில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயர் நிற்கும். முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் தொடரும். அப்பால் பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், மின்னஞ்சலில் நமக்குப் பழக்கமான @ குறி, சர்வரின் பெயர், மீண்டும் முக்காற்புள்ளி, போர்ட் எண், சாய்கோடு, தளத்தின் பெயர் என்று கிரமமாக அமையும். இறுதியில் கேள்விக்குறி இட்டு, இணைப்பு சங்கேதமாக்கப்பட்டே செல்ல வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம். போர்ட் எண்ணை எழுதாவிடில் வழக்கமாக 5432 என்றும், தளத்தின் பெயரை எழுதாவிடில் பயனரின் பெயரே அதுவென்றும் கருவி தானே ஊகித்துக்கொள்ளும்.

கடவுச்சொல்லுக்குள்ளேயே @ குறி இருந்துவிட்டால், கடவுச்சொல் எங்கே முடிகிறது, சர்வரின் பெயர் எங்கே தொடங்குகிறது என்ற மயக்கம் நேரும். ஆகவே அவ்விடத்தில் %40 என்று எழுதுதல் விதி. நிபந்தனைகள் இரண்டை இணைக்கும் & குறிக்குக் கட்டளைத் திரையில் வேறொரு பொருள் உண்டாதலால், வரி முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் இடுவதும் அவசியம்.

இத்துணைச் சௌகரியத்தினூடே ஓர் அபாயமும் மறைந்திருக்கிறது. தட்டெழுதிய வரி கட்டளை வரலாற்றில் பதிந்துவிடுகிறது. கருவி இயங்கும் வேளையில், அதே கணினியைப் பயன்படுத்தும் பிறரும் இயங்குநிரல்களின் பட்டியலில் அதைப் படித்துவிடக்கூடும். 2005-இல் வெளியான யூஆர்எல் இலக்கணமே, கடவுச்சொல்லை இவ்வாறு வெளிப்படையாக எழுதும் முறை கைவிடத்தக்கது என்று கூறுகிறது. ஆதலின் கடவுச்சொல்லை மட்டும் வரியிலிருந்து நீக்கி, பயனரின் சொந்த அடைவில் இதற்கென்றே உள்ள கோப்பில் எழுதி வைத்தல் உத்தமம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அக்கோப்பைப் பிறரும் திறக்க இயலும் நிலை இருந்தால், போஸ்ட்கிரெஸ் எச்சரித்துவிட்டு அதனைப் புறக்கணிக்கும். விலாசத்தைச் சக ஊழியருக்குத் தயங்காமல் எழுதிக் கொடுக்கலாம். சாவி அவரவர் மடியிலேயே இருக்கட்டும்.