அசையாத பன்றிக்கு வலிக்காதா?

எங்க குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போற வழியில் கொஞ்சம் வடக்கே ஒதுங்கினால் திருவிசநல்லூர், ருக்மிணி தேவி அருண்டேலின் அப்பா ஊர். அவரைப் பரதநாட்டியத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அடிபோட்டவரும் அவர்தான். ஆய்வுக்காக விலங்கை அறுக்கும்போது, வலி தெரியாத அளவுக்கு மயக்கமருந்து கொடுக்கச் சொல்கிறது அதன் 17-வது பிரிவு.

அந்த ‘அளவை’ எப்படிக் கண்டுபிடிப்பது? தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் கொடுத்தால் பன்றி அசையாது. நினைவும் வலியும் அப்படியே இருக்கும். மானிட்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரே நின்றுபோச்சு என்று நம்புகிற கதைதான். அதனால் முதலில் ஐசோஃப்ளூரேன் மாதிரி முழு மயக்கம், பிறகுதான் தளர்த்தும் மருந்து. அதன்பின் கால் உதறுகிறதா என்று பார்த்துப் பயனில்லை. கத்தி படும்போது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறினால், மயக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

மயக்கமருந்து வேறு, வலிமருந்து வேறு. ஐசோஃப்ளூரேனை நிறுத்தினால் பன்றி சீக்கிரமே விழித்துக்கொள்ளும், வலியும் கூடவே வரும். ப்யூப்ரினார்ஃபின் போன்ற ஒன்றை அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

சட்டத்தில் அந்த வரிக்குள் ‘இயன்றவரை’ என்றொரு சொல்லும் இருக்கு. எனக்கு உறுத்துவது அதுதான். ஏன் இயலவில்லை என்று ஆய்வுக்கூடத்தின் விலங்கு நெறிக்குழு ஒவ்வொரு தடவையும் கேட்கணும்.